நுரையீரல் காற்றை இழுப்பதில்லை

கேள்வி இது: "அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்ததும் மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஊத வேண்டுமா, உறிஞ்ச வேண்டுமா என்று வீட்டில் ஒரே குழப்பம். தேடிப் படித்ததில் நுரையீரலுக்குத் தசையே கிடையாது என்று போட்டிருந்தது. தசை இல்லாமல் எப்படிக் காற்றை இழுக்கிறது? ஆழமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுமா? மூச்சை அடக்கினால் ஏன் அப்படித் திணறுகிறது?"

உறிஞ்ச வேண்டும். மீதியைப் படிக்கும் முன் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இந்தக் கருவியைக் கையில் வாங்கியதும் ஊதத் தோன்றுவது இயல்புதான். வார்டில் பலர் ஊதிக்கொண்டிருப்பார்கள். பந்து எழும்பாமல் போனதும் சிலர் கருவியைத் தலைகீழாகப் பிடித்து ஊதி, எழுப்பியும் காட்டிவிடுவார்கள். அதில் பயன் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்ல, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். நான் உடலியல் பாடம் எடுப்பவன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நீங்கள் படித்தது சரி. மூச்சுக்குழாய்களின் சுவரில் மென்தசை உண்டு; ஆஸ்துமாவில் இறுகிக்கொண்டு தொல்லை கொடுப்பது அதுதான். ஆனால் நுரையீரலை விரிக்கும் தசை நுரையீரலுக்குள் இல்லை. இன்னும் சொல்லப்போனால், அதன் சுபாவமே சுருங்குவதுதான். அதன் திசு முழுக்க மீள்தன்மை கொண்ட இழைகள். உடலிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் தானாகவே சுருங்கி, இருந்த அளவில் ஒரு சிறு பங்காகிவிடும். நெஞ்சுக்கூட்டின் சுபாவம் நேர்மாறானது: விட்டால் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். ஒன்று உள்ளே இழுக்கிறது, மற்றது வெளியே இழுக்கிறது. இந்த இழுபறி பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரு நொடிகூட நிற்பதில்லை. சாதாரணமாக மூச்சை விட்டு முடித்து, அடுத்த மூச்சு தொடங்கும் முன் ஒரு சின்ன ஓய்வு வருகிறதல்லவா, அந்த நேரத்தில் இரண்டு இழுப்பும் சமமாக இருக்கின்றன. அப்போதும் நுரையீரலுக்குள் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் காற்று இருக்கிறது.

சரி, இரண்டையும் ஒட்டி வைத்திருப்பது எது? நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய உறை, நெஞ்சுக்கூட்டின் உட்புறம் இன்னொரு உறை. இரண்டுக்கும் நடுவில் சில மில்லிலிட்டர் திரவம் மட்டும், காற்றே கிடையாது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் வழுக்கும், ஆனால் பிரிக்க வராது. அதே கதைதான் இங்கும். நெஞ்சு விரிந்தால் நுரையீரல் கூடவே போயாக வேண்டும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால், நடுவில் உள்ள அந்த இடைவெளியில் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஓய்வில் சுமார் 5 செ.மீ. நீர் (அதாவது 5 செ.மீ. உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம்) அளவுக்குக் குறைவு; மூச்சை இழுத்து முடிக்கும்போது சுமார் 8.

அந்த இடைவெளிக்குள் காற்று புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தால் இழுபறி இருப்பது உண்மை என்று தெரியும். கத்திக்குத்து, விபத்தில் உடைந்த விலா எலும்பு, சில நேரம் ஒரு காரணமும் இல்லாமல் உயரமாக ஒல்லியாக இருக்கும் இளைஞர்களிடம் நுரையீரலின் மேற்புறத்தில் ஒரு சின்னக் கொப்புளம் வெடிப்பது என்று எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம். காற்று புகுந்த நொடியில் ஒட்டுதல் போய்விடுகிறது. நுரையீரல் தன் இஷ்டப்படி சுருங்கிக்கொள்கிறது, அந்தப் பக்க நெஞ்சு சற்று வெளியே விரிகிறது. திடீரென்று ஒரு பக்கம் சுருக்கென்ற நெஞ்சுவலியும் மூச்சு முட்டலும் வந்தால் டாக்டர் உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதையும் மனதில் வைத்துத்தான். பெரிய அளவில் காற்று சேர்ந்துவிட்டால் வைத்தியம் நெஞ்சில் குழாய் போட்டு அந்தக் காற்றை வெளியேற்றுவது. நுரையீரலை யாரும் தொடுவதில்லை. இடைவெளியில் இருந்த காற்று போனால் அது பழையபடி ஒட்டிக்கொண்டு விரிந்துவிடும்.

விரிக்கும் தசைகளில் முக்கியமானது உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும் தசைத் தகடு. சுருங்கும்போது கீழே இறங்கித் தட்டையாகிறது. சாதாரண மூச்சில் ஒன்றிரண்டு செ.மீ. இறங்கும், ஆழ்ந்த மூச்சில் 10 செ.மீ. வரை. கீழே இருக்கும் குடல், கல்லீரல் எல்லாவற்றையும் தள்ளுவதால்தான் மூச்சை இழுக்கும்போது வயிறு முன்னால் வருகிறது. தூங்கும் குழந்தையைப் பாருங்கள், நெஞ்சைவிட வயிறுதான் ஏறி இறங்கும். விலா எலும்புகளுக்கு நடுவில் உள்ள தசைகள் அந்த எலும்புகளைத் தூக்கி நெஞ்சை முன்னாலும் பக்கவாட்டிலும் அகலப்படுத்துகின்றன. நெஞ்சு பெரிதானதும் உள்ளே அழுத்தம் இறங்குகிறது, வெளியே இருக்கும் காற்று தானாக உள்ளே வருகிறது. நாம் காற்றை இழுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இடத்தைத் திறந்துவிடுகிறோம், வாயுமண்டலம் தள்ளிவிடுகிறது.

இதற்குத் தேவைப்படும் அழுத்த வேறுபாடு எவ்வளவு தெரியுமா? அமைதியாக உட்கார்ந்து மூச்சு விடும்போது, நுரையீரலின் நுண்ணறைகளுக்கும் (காற்று கடைசியாகப் போய்ச் சேரும் குட்டிக் குட்டிப் பைகள்) வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 1 செ.மீ. நீர். வாயுமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சின்ன வித்தியாசத்தில் அரை லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. நிமிடத்துக்கு 14 முறை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 10,000 லிட்டர்.

பழைய படங்களில் கதாநாயகன் எதிரிகளுக்குப் பயந்து குளத்தில் மூழ்கி, தாமரைத் தண்டை வாயில் வைத்து மூச்சு விடுவான். நெஞ்சு ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சின் மேல் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் 100 செ.மீ. நீர். தண்டு வழியாக வரும் காற்றோ மேற்பரப்பின் அழுத்தத்தில்தான் இருக்கிறது. நெஞ்சின் முன்பக்கம் 1000 சதுர செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 100 கிலோவை ஒவ்வொரு மூச்சுக்கும் தூக்க வேண்டும். நல்ல திடமான ஆள் முழு பலத்தையும் போட்டு உறிஞ்சினால் உண்டாக்கக்கூடிய அழுத்தமே சுமார் 100 செ.மீ.தான், அதுவும் ஒருமுறை, இரண்டு முறை. கொக்கி மாதிரி வளைந்த நீச்சல் மூச்சுக்குழாய்களைக் கடையில் அரை மீட்டருக்கும் குறைவாகவே விற்பது இதனால்தான். ஆக்சிஜன் சிலிண்டரோடு மூழ்குகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று சொல்வார்கள். முதலில், பொழுதுபோக்காக மூழ்குபவர்களின் சிலிண்டரில் பெரும்பாலும் இருப்பது அழுத்திய காற்று, வெறும் ஆக்சிஜன் அல்ல. இரண்டாவது, அந்தக் கருவி சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கிறது, அதனால் நெஞ்சு எதையும் தூக்க வேண்டியதில்லை.

நெஞ்சு விரிவதால்தான் காற்று வருகிறதா, காற்று வருவதால் நெஞ்சு விரிகிறதா என்ற கேள்வி ரொம்ப காலம் ஓடியது. ரோமப் பேரரசில் கிளாடியேட்டர் என்ற சண்டை வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த காலென், விலங்குகளின் தண்டுவடத்தைப் பல மட்டங்களில் வெட்டிப் பார்த்து, கழுத்தின் மேற்பகுதியில் வெட்டினால் மூச்சு அடியோடு நிற்கிறது, கழுத்தின் கீழே வெட்டினால் உதரவிதானம் மட்டும் ஓடுகிறது என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார். உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்தில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தண்டுவட நரம்புகளிலிருந்து கிளம்பிக் கீழே இறங்குகிறது. மரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்தவருக்குக் கை கால் போனாலும் மூச்சு நிற்குமா, ஓடுமா என்பது முறிவு இதற்கு மேலா கீழா என்பதைப் பொறுத்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் மேயோ ஒரு துருத்திக்குள் ஒரு பையைப் பொருத்தி, கண்ணாடிச் சன்னல் வைத்து, துருத்தியைத் திறந்தால் பை தானாக உப்புவதைக் காட்டினார். பள்ளிகளில் பாட்டில், பலூன் வைத்துச் செய்யும் மாடலுக்கு அதுதான் மூதாதை.

எனக்கு இதைவிடப் பிடித்தது ராபர்ட் ஹூக் 1667-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் செய்தது. கொடூரமான சோதனைதான். ஒரு நாயின் நெஞ்சைத் திறந்து, நுரையீரலின் மேற்புறத்தில் சிறு துளைகள் போட்டு, துருத்தியால் நிற்காமல் காற்றைச் செலுத்தினார். காற்று ஒரு பக்கம் போய்த் துளைகள் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது. நுரையீரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அப்படியே உப்பி நின்றது. நாய் உயிரோடு இருந்தது. துருத்தியை நிறுத்தியதும் துடித்தது. அதாவது அசைவு உயிரைக் காப்பதில்லை, புதுக் காற்றுதான் காக்கிறது. ஏறி இறங்குவதெல்லாம் புதுக் காற்றைக் கொண்டுவருவதற்கான ஏற்பாடு மட்டும்.

நெஞ்சை விரித்துக் காற்றை வரவைப்பதா, காற்றை நேராக உள்ளே தள்ளுவதா என்பது போலியோ காலத்தில் உயிர்ப் பிரச்சினை ஆனது. உதரவிதானம் செயலிழந்த குழந்தைகளுக்காக 1928-இல் பாஸ்டனில் பிலிப் டிரிங்கர் குழுவின் இரும்பு நுரையீரல் முதன்முதலாகப் பயன்பட்டது. தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உடம்பு முழுவதும் ஒரு உருளைக்குள். உருளையின் அழுத்தத்தைக் குறைத்து நெஞ்சை விரிய வைப்பார்கள். இயற்கை செய்வதையே வெளியிலிருந்து செய்த இயந்திரம். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது அந்த இயந்திரங்கள் போதவில்லை. மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், கழுத்தில் துளை போட்டுக் குழாயைச் செலுத்தி, ரப்பர் பையை அமுக்கி நேரடியாகக் காற்றைத் தள்ளலாம் என்றார். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகக் கையாலேயே பையை அமுக்கினார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்று உருவானதே அங்கிருந்துதான். இன்றைய வென்டிலேட்டர் அந்த மாணவர்களின் கை வேலையைத்தான் செய்கிறது: தள்ளுகிறது. நம் உடம்பு செய்வதற்கு நேர் எதிர். அதனால்தான் அளவு மீறித் தள்ளினால் நுரையீரல் காயப்படும் என்று அழுத்தத்தை எண்ணி எண்ணி வைக்கிறார்கள்.

மூச்சை வெளியே விடுவதற்கு வருவோம். இதற்கு ஓய்வில் எந்தத் தசையும் தேவையில்லை. உதரவிதானம் தளர்ந்தால் போதும், சுருங்கத் துடித்துக்கொண்டிருக்கும் நுரையீரலே காற்றை வெளியேற்றிவிடும். ஓடும்போது, இருமும்போது, புல்லாங்குழல் வாசிக்கும்போதுதான் வயிற்றுத் தசைகள் சேர்ந்துகொள்கின்றன.

பல நுரையீரல் நோய்களில் கெட்டுப்போவது இந்த வெளியே விடும் பகுதிதான், இழுப்பது அல்ல. பல வருடம் பீடி, சிகரெட் குடித்தவர்களுக்கும், காற்றோட்டமில்லாத சமையலறையில் விறகடுப்பில் காலம் முழுக்க ஊதிய பெண்களுக்கும் நுண்ணறைகளின் சுவர் கரைந்து, மீள்தன்மை போய்விடுகிறது. சுருங்கும் பலம் இல்லாத நுரையீரலை நெஞ்சுக்கூடு தன் பக்கம் இழுத்துவிடும். நெஞ்சு பீப்பாய் மாதிரி உருண்டு நிற்பது அதன் அடையாளம். உள்ளே காற்று நிறைய இருக்கிறது, வெளியே போகத்தான் மாட்டேன் என்கிறது. அதனால் புதுக் காற்றுக்கு இடம் இல்லை. அவர்களிடம் "நன்றாக இழுத்து விடுங்கள்" என்று சொல்வது உதவாது. விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொன்னால் சட்டென்று சற்று ஆறுதல் கிடைக்கும். குவிந்த உதடு வழியே விடும்போது உள்ளே கொஞ்சம் அழுத்தம் தங்கி, சிறு குழாய்கள் மடங்கிப்போகாமல் தாங்குகிறது.

ஆஸ்துமா இளைப்பும் அப்படித்தான். குழாயின் ஆரம் பாதியானால் காற்றோட்டத்துக்கான எதிர்ப்பு 16 மடங்காகும். மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிவதால் குழாய்களும் கொஞ்சம் திறந்துகொள்கின்றன, விடும்போது ஒடுங்குகின்றன. எனவே வீசிங் சத்தம் முதலில் விடும்போதுதான் கேட்கும்.

இப்போது அப்பாவின் கருவி. சுருங்கும் இழுப்பில் மீளிழைகளுக்கு ஒரு பங்கு என்றால், இன்னொரு பெரிய பங்கு நுண்ணறைகளின் உட்புற ஈரத்துக்கு. எந்த ஈரப் பரப்பும் சுருங்கவே பார்க்கும், அது பரப்பு இழுவிசை. 1929-இல் கர்ட் ஃபான் நீர்கார்ட், நுரையீரலைக் காற்றால் நிரப்பியும் திரவத்தால் நிரப்பியும் பார்த்து, திரவத்தால் நிரப்ப மிகக் குறைந்த அழுத்தமே போதும் என்று காட்டினார். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு இல்லாமல் போனால் எதிர்ப்பின் பெரும்பகுதி இல்லாமல் போகிறது. 0.2 மி.மீ. அகலமுள்ள கோடிக்கணக்கான நுண்ணறைகளை வெறும் தண்ணீர் பூசி விட்டிருந்தால், மூச்சை விட்டதும் அவை ஒட்டிக்கொண்டு திறக்கவே திறக்காது. அதைத் தடுக்க நுண்ணறையின் சில செல்கள் சோப்பு குணமுள்ள ஒரு கொழுப்புப் பொருளைச் சுரக்கின்றன. சர்ஃபாக்டன்ட் என்று பெயர்.

கருவில் இது போதிய அளவு சேர 34, 35 வாரம் ஆகிறது. அதற்கு முன் பிறக்கும் குழந்தைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் முதல் மூச்சுக்கான பாடு பட வேண்டும். சில மணி நேரத்தில் களைத்துவிடும். 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் அந்தக் குழந்தைகளிடம் இல்லாதது இந்தப் பொருள்தான் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் மருந்து வர இன்னும் காலம் இருந்தது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாக, இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடையோடு பிறந்து, இரண்டு நாள்கூட முடியும் முன் இறந்துபோனான். நாட்டின் தலைவர் வீட்டுக் குழந்தைக்கும் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. 1972-இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று காட்டினார்கள். 1980-இல் ஜப்பானின் புஜிவாரா குழு, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் விட்டுக் காப்பாற்றியது. இன்று நம் ஊர் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் இரண்டும் வழக்கம். குறைப்பிரசவம் ஆகலாம் என்று தெரிந்ததும் தாய்க்கு அவசரமாக ஊசி போடுகிறார்கள் என்றால் பெரும்பாலும் இதற்குத்தான்.

பெரியவர்களிடம் சர்ஃபாக்டன்ட் இருக்கிறது, ஆனால் அது நுண்ணறையின் பரப்பெங்கும் சரியாகப் பரவ அவ்வப்போது நன்றாக ஒருமுறை விரிய வேண்டும். நாம் அறியாமலே ஒரு மணி நேரத்தில் சில தடவை பெருமூச்சு விடுவது அதற்கும்தான். மேல்வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவார், பெருமூச்சு விடமாட்டார், இருமமாட்டார், படுத்தே கிடப்பார். உதரவிதானமும் சில நாள் சோம்பிக் கிடக்கும். நுரையீரலின் அடிப்பகுதி நுண்ணறைகள் மூடிக்கொள்ளும், அங்கே சளி தங்கும், காய்ச்சல் வரும். மூன்று பந்துக் கருவி பெருமூச்சைக் கணக்குக் காட்டி விட வைக்கும் பொருள், அவ்வளவுதான். ஊதினால் நுரையீரல் இன்னும் சுருங்கும்; நமக்கு வேண்டியது விரிவது. நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் சாதாரணமாக மூச்சை விட்டுவிட்டு, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து மெதுவாக, நீளமாக உறிஞ்சி, பந்து மேலே இருக்கும்படி இரண்டு மூன்று நொடி நிறுத்தி, அப்புறம் குழாயை எடுத்துவிட்டு விட வேண்டும். மூன்று பந்தையும் வெடுக்கென்று ஒரே இழுப்பில் தூக்குவதைவிட ஒன்றிரண்டை மெதுவாகத் தூக்கி நிறுத்துவது மேல். காயத்தின் மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள், வலி குறையும். எத்தனை முறை என்பதை அவருடைய பிசியோதெரபிஸ்ட் சொல்வதுபோல் செய்யட்டும். என்னைக் கேட்டால், எழுந்து நடப்பது இந்தக் கருவியைவிட ஒரு படி மேல்.

ஆழமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் கூடுமா? அப்பாவைப் போல மூடிக்கிடக்கும் நுண்ணறைகள் உள்ளவருக்குக் கூடும். ஆரோக்கியமாக இருக்கும் உங்களுக்கு அதிகமாகாது, கூட இடமே இல்லை. 100 மி.லி. ரத்தம் சுமார் 20 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கிறது, அதில் ஹீமோகுளோபினில் ஒட்டாமல் வெறுமனே கரைந்திருப்பது 0.3 மி.லி. மட்டும். ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்திருக்கிறது. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு எவ்வளவு ஆழமாக மூச்சு விட்டாலும் எண் ஒன்றிரண்டுக்கு மேல் ஏறாது. நுண்ணறைகளின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 70 சதுர மீட்டர், ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவிலுள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ரத்தம் அங்கே முக்கால் நொடிதான் தங்குகிறது, ஆனால் கால் நொடியிலேயே வேலை முடிந்துவிடுகிறது. இவ்வளவு உபரி வசதி இருக்கும் இடத்தில் வலிந்து மூச்சு விட்டுச் சேர்க்க ஒன்றும் இல்லை.

மெதுவாக, ஆழமாக விடுவதில் வேறொரு லாபம் உண்டு. நாம் இழுக்கும் 500 மி.லி.யில் சுமார் 150 மி.லி. மூக்கிலும் குழாய்களிலுமே நின்றுவிடுகிறது, ரத்தத்தைச் சந்திப்பதில்லை. நிமிடத்துக்கு 12 தடவை 500 மி.லி. இழுத்தால் பயன்படுவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 24 தடவை 250 மி.லி.யாக இழுத்தால் பயன்படுவது 2.4 லிட்டர்தான். மேல்மூச்சு வாங்குகிறவர் உழைப்பது அதிகம், கிடைப்பது குறைவு. பிராணாயாமத்தில் மூச்சை நிதானப்படுத்தும் பயிற்சிகளால் மனம் அமைதியாகிறது, இதயத் துடிப்பு இறங்குகிறது, எல்லாம் சரி. "உடம்பில் ஆக்சிஜன் ஏறுகிறது" என்ற விளக்கம் மட்டும் தவறு. வேகமாகவும் ஆழமாகவும் விடும் பயிற்சிகளில் தலை லேசாவதும் விரல் நுனி மரப்பதும் ஆக்சிஜன் ஏறியதால் அல்ல. கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறுவதால்தான். தலை லேசாவது, அதனால் மூளையின் ரத்தக் குழாய்கள் ஒடுங்கி, மூளைக்குப் போகும் ரத்தமே குறைவதால்.

கடைசிக் கேள்விக்கும் அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான் விடை. மூச்சின் தாளம் மூளையின் அடியில், முகுளத்தில் இருக்கும் ஒரு சின்ன நரம்புக் கூட்டத்திலிருந்து பிறக்கிறது. எவ்வளவு மூச்சு வேண்டும் என்று அது முடிவு செய்வது முக்கியமாகக் கார்பன் டை ஆக்சைடை வைத்துத்தான் என்று 1905-இல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் நிறுவினார்கள். சுரங்கங்களின் விஷ வாயுக்களைத் தானே சுவாசித்துப் பார்த்தவர் ஹால்டேன். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம். மூச்சை அடக்கி அது 50 வாக்கில் போகும்போது அடக்க முடியாமல் திணறுகிறோம். ஆக்சிஜனைக் கண்காணிக்கும் உணர்விகள் கழுத்துத் தமனிகளின் ஓரத்தில் உண்டு. ஆனால் 100 மி.மீ. வாக்கில் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே போன பிறகுதான் அவை உரக்கக் கத்தும். கொரோனா வந்த புதிதில், மூச்சை 10 நொடி அடக்க முடிந்தால் நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய சோதனை அபத்தமானது இதனால்தான். ஆக்சிஜன் 80 சதவீதத்துக்கு இறங்கியும் சிலர் போனில் பேசிக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்கள். கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டிருந்ததால் உடம்புக்கு எச்சரிக்கை சரியாகப் போய்ச் சேரவில்லை.

இந்த ஏற்பாட்டில் இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன. கிணற்றில் யார் அதிக நேரம் தம் கட்டுவது என்று போட்டி போடும் பையன்கள், குதிக்கும் முன் பத்திருபது தடவை வேக வேகமாக மூச்சு விடுவார்கள். ஆக்சிஜன் சேமித்ததாக நினைப்பு. சேமிப்பு மிகச் சொற்பம். கார்பன் டை ஆக்சைடைத்தான் கொட்டிவிட்டுப் போகிறார்கள். திணறல் வரத் தாமதமாகிறது, அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு போகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவன் ஏன் மூழ்கினான் என்று ஊரே குழம்பும்.

இன்னொன்று, பாழுங்கிணறும் கழிவுநீர்த் தொட்டியும். மூடிக்கிடந்த இடத்தில் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும், மீத்தேன் மாதிரியான வாயுக்கள் மீதியை வெளியே தள்ளியிருக்கும். உள்ளே இறங்கியவரின் நெஞ்சு தடையில்லாமல் விரிகிறது, காற்று போய் வருகிறது, கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிக்கொண்டே இருக்கலாம். அப்படியானால் பெரிதாகத் திணறல் தெரியாது. வாயுக்கள் அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கம் போகும், அவற்றுக்கு நுரையீரல் என்றும் ரத்தம் என்றும் பேதமில்லை. உள்ளே உள்ள காற்றில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டால், ரத்தத்தில் இருந்த ஆக்சிஜனே நுரையீரல் வழியாக வெளியே போகத் தொடங்குகிறது. அங்கே விடும் ஒவ்வொரு மூச்சும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதைவிட மோசம். சில மூச்சுகளில் ஆள் சரிந்துவிடுவார். கழிவுநீரில் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்தால் இன்னும் வேகம். அளவு அதிகமானால் மூக்கின் மோப்பத்தையே முடக்கிவிடுவதால் நாற்றமும் எச்சரிக்காது. ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் அடுத்தடுத்து விழுவது இப்படித்தான். விளக்கை இறக்கிப் பார்ப்பதும் நம்பகமான சோதனை அல்ல. மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும், ஹைட்ரஜன் சல்பைடை அது காட்டிக்கொடுக்காது. மனிதரை இறக்கிச் சாக்கடைத் தொட்டியைச் சுத்தம் செய்வதைத் தடுக்க 2013-இல் சட்டமே வந்துவிட்டது, ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கக் கூடாது. துணி ஆக்சிஜனைத் தராது. மேலிருந்தே கயிற்றால் இழுக்க வழி இருந்தால் இழுங்கள், 101-க்கு அழையுங்கள். தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று சிலிண்டரோடு வருவார்கள், அவர்கள் இறங்கட்டும்.